மத்தியானத் தூக்கத்தில் ஒரு கறுப்புப் பக்கம்

7

சான் எலாதியோவில் மத்தியானம் ஒரு மணி அடித்துவிட்டால், நாய்கள்கூடக் குரைப்பதை நாலு மணிக்கு ஒத்திவைத்துவிடும். உருகுவாயின் வடக்கு மூலையில், ஆரஞ்சுத் தோட்டங்களுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே கிடக்கிற அந்த ஊரில் மதியத் தூக்கம் என்பது ஓய்வு அல்ல, மதம். போன கோடையில் தபால் ஆபீஸ் கூரையில் தீப்பிடித்தபோது, தீயும் நாலு மணிவரை கொட்டாவி விட்டுக்கொண்டே எரிந்ததாகத்தான் சொல்கிறார்கள்.

அந்த மூன்று மணி நேரத்தில் ஊருக்குள் கண் விழித்திருக்கும் ஒரே பிரஜை எல்பியோ தெச்செரா. தனியார் துப்பறிவாளர். ஐம்பத்தெட்டு வயது. தூக்கம் வராததற்குத் தொழில் காரணம் இல்லை. அவர் மனைவி மிர்த்தா, பண்டோனியன் வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்கிற ஒரு ஆளோடு ஆற்றைக் கடந்து அர்ஜெண்டினாவுக்குப் போய்ப் பல குளிர்காலங்கள் ஆகிவிட்டன. போனவள் கட்டிலை எடுத்துக்கொண்டு போகவில்லை. இரண்டு பேர் படுக்கிற கட்டிலில் ஒற்றை ஆள் எந்த ஓரத்தில் படுத்தாலும் மற்ற ஓரம்தான் கண்ணில் படுகிறது. அதனால் அவர் வீட்டு முன்னறை ஆபீஸில், நாற்காலியில் உட்கார்ந்து மடிக் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருப்பார்.

"தலைவரே, இந்த ஸ்கிரீன் வெளிச்சத்துல ஏரோப்ளேன் இறக்கலாம். கொஞ்சம் குறைச்சுக்கிட்டா என்ன?" என்றான் எபெர்.

எபெர் அவருடைய உதவியாளன். முன்னாள் பஸ் கண்டக்டர். டிக்கெட்டைவிடக் கிண்டலை அதிகமாகக் கிழித்துக் கொடுத்ததால் வேலை போனவன். இடது கக்கத்தில் வெந்நீர் தெர்மாஸை இடுக்கிக்கொண்டே பிறந்தான் என்று அவன் அம்மாவே ஒப்புக்கொள்வாள். வலது கையில் மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீர்க் குடுவை, உறிஞ்சுகுழலோடு. இரண்டையும் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை. அவன் குளிக்கிற விதம் பற்றி ஊரில் பல கருத்துகள் உண்டு.

"வெளிச்சமா இருக்குன்னு குறை சொல்ல இங்க யாரு இருக்கா?" என்றார் எல்பியோ.

"நான் இருக்கேனே."

"நீ ஆறு மணிக்கு உன் பொண்டாட்டிகிட்டப் போயிடுவே."

எபெர் மாத்தேயை உறிஞ்சினான்.

இது நடந்தது காலை பத்து மணிக்கு. பத்தேகாலுக்கு வாசற்படி முனகியது. ஊரே மரியாதையாகத் 'தோன்' என்று கூப்பிடுகிற ருபெர்த்தோ உள்ளே வந்தார். ஊர் ஆடுகளில் பாதி அவருடையது. ஊர்க் கிழவர்களிலும் பாதி அவர் வசம்தான்: 'பொன்மாலை' முதியோர் இல்லத்துக்கு அவர்தான் சொந்தக்காரர். உட்கார்ந்ததும் நாற்காலி ஒரு தடவை கடவுளைக் கூப்பிட்டது.

"என்னை ஒருத்தன் அசிங்கப்படுத்துறான். யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. அன்னைக்கே வேலையிலேருந்து தூக்கிடுவேன். இந்த ஊர்ல ஒரு ஆட்டுக்கொட்டகையில கூட அவனுக்கு வேலை கிடைக்காம பண்ணிடுவேன்."

"என்ன பண்ணினான்?"

"இல்லத்துக்கு ஒரு இணையப் பக்கம் வெச்சிருக்கேன். அதுல 'பெயர் சொல்லாமல் குறை சொல்லுங்கள்'னு ஒரு பெட்டி. எல்லாரும் வெக்கிறாங்களேன்னு வெச்சேன். அதுல எவனாவது நிஜமாவே எழுதுவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எழுதினாங்களா?"

"ஊரே எழுதுது! சூப் ஆறிப்போச்சு, டி.வி.யில கோடு ஓடுது... அதெல்லாம் போகட்டும். ஒருத்தன் மட்டும் வேற மாதிரி." ருபெர்த்தோவின் மீசை துடித்தது. "மத்தியானம் ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் இல்லத்துல ஒரு ஊழியர்கூட இல்லையாம். வெளிய பூட்டுத் தொங்குதாம். அபாண்டம்!"

"பெயர் சொல்லாம எழுதினவனை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ருபெர்த்தோ குரலைத் தாழ்த்தினார். மோந்தேவீதேயோவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மருமகன், அந்தப் பக்கத்துக்குள் சத்தமில்லாமல் ஒரு கண்ணை வைத்திருக்கிறானாம். வருகிறவன் ஜன்னல் எவ்வளவு அகலம், கடிகாரம் எந்த ஊருடையது, எழுத்து எப்படித் தெரிகிறது என்று அது கைரேகை எடுத்துவிடுமாம்.

"ஆனா இந்த ஊர் ஜனங்க எல்லாம் ஏதோ ஒளிஞ்சு பாக்குற பிரவுசர்ல வருது. நூலகத்துல அந்த சுல்மா சொல்லிக்குடுத்திருக்கா. எல்லாருக்கும் ஒரே அளவு ஜன்னல், ஒரே கடிகாரம், ஒரே மொழி. நூறு ஆடு, நூறுக்கும் ஒரே மூஞ்சி. ஒண்ணு மட்டும்..."

"ஒண்ணு மட்டும்?"

"கறுப்பு. என் பக்கம் வெள்ளையில இருக்கு. அந்த ஆளு அதை முழுக்கக் கறுப்பாக்கிப் பாக்குறான். நிறத்தை மாத்தினதை மருமகன் வெச்ச கண்ணு பாத்துடுச்சு."

எபெர் சீட்டியடித்தான். "மந்தைக்குள்ள ஒளியப் போனவன் நெத்தியில தார் பூசிக்கிட்டுப் போயிருக்கானே!"

"அதேதான்! ஊழியர்கள்ல யாரு இப்படிக் கறுப்பாக்கிப் பாக்குறாங்கன்னு தேடுங்க. இன்னொண்ணு, அவன் தனி ஆள் இல்ல. போன மாசம் கம்பளி ஏலத்துக்கு ஒரு வாரம் மோந்தேவீதேயோ போயிருந்தேன். அந்த வாரமும் அதே புகார், அதே மத்தியான நேரம், அதே எழுத்து. ஆனா பக்கம் வெள்ளை! நான் திரும்பினதும் மறுபடி கறுப்பு. ரெண்டு பேர் சேர்ந்து சதி பண்றானுங்க!"

எல்பியோ ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் மூளை வேலை செய்கிறது என்று அர்த்தம் என்பான் எபெர். மற்ற நேரங்களிலும் அவர் ஒன்றும் சொல்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வான்.

*

நூலகத்தில் மொத்தம் எத்தனை புத்தகங்கள் என்று யாரும் எண்ணியதில்லை, எண்ண வேண்டிய அவசியமும் வந்ததில்லை. இருந்த ஆறு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே சுல்மா ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது, கண்ணாடி கொண்டைமேல். அந்தக் கண்ணாடியை அவள் தினமும் ஊரெல்லாம் தேடுவாள்.

"பெயர் சொல்ல மாட்டேன்," என்றாள், அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"கேக்கலையே."

"கேக்கத்தான் வந்திருக்கீங்க. கக்கத்துல தெர்மாஸ் இருந்தா துப்பறிய வந்திருக்கான்னு அர்த்தம்."

"தெர்மாஸ் இல்லாம வந்தா?" என்றான் எபெர்.

"இறுதிச் சடங்குக்குன்னு அர்த்தம். உன்னோடதுக்கு."

எல்பியோ தொண்டையைச் செருமினார். "சுல்மா, உன் பிரவுசரைப் பத்தி மட்டும் சொல்லு. அதுல டார்க் மோட் போட்டா தப்பா?"

சுல்மா பெருமூச்சு விட்டாள். "வகுப்புல எல்லாரும் கேக்குற முதல் கேள்வியே அதுதான். உலகமே வேவு பாக்குதுன்னு ஒரு மணி நேரம் பேசினேன். கடைசியில கையைத் தூக்கி, 'இதைக் கறுப்பாக்க முடியுமா'ன்னாங்க."

"முடியுமா?"

"பாருங்க தோன் எல்பியோ. இந்த பிரவுசர் ஒளிச்சு வைக்கல, எல்லாருக்கும் ஒரே மூஞ்சி மாட்டி விடுது. அதான் ரகசியம். 'இவருக்கு என்ன நிறம் பிடிக்கும்'னு இணையப் பக்கம் கேட்டா, எல்லார் சார்பாவும் 'வெள்ளை'ன்னு ஒரே பதிலைச் சொல்லும். பிரவுசரோட வெளிச் சட்டத்தைக் கறுப்பாக்கிக்கோங்க, அது பக்கத்துக்குத் தெரியாது. ஆனா பக்கத்தையே கறுப்பாக்குறதுக்குன்னு தனியா ஒரு எக்ஸ்டென்ஷன் கிடைக்குது. அதைச் சேத்தா, உள்ளேருந்து பாக்குற கண்ணுக்குத் தெரிஞ்சுபோகும். 'எதையும் சேர்க்காதீங்க, எதையும் மாத்தாதீங்க, பிறந்த மேனிக்கு விடுங்க'ன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்."

"யாரோ ஒருத்தர் கேக்கல."

சுல்மாவின் முகம் மாறியது. கொண்டையிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள். "அந்த ஆளு வகுப்பை ஒழுங்கா கேட்ட ஆளு. நல்லா தெரிஞ்சும் போட்டிருந்தா, போடாம இருக்க முடியாத காரணம் ஏதோ இருக்கும். விட்டுடுங்களேன்."

*

மத்தியானம் இரண்டரை மணிக்கு எல்பியோவும் எபெரும் பொன்மாலை இல்லத்துக்கு நடந்தார்கள். தெருவில் அவர்களுடைய செருப்புச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. எல்லா ஜன்னல்களும் மூடிக்கிடந்தன. வெயில் மட்டும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, யாரும் திறக்காமல், நடுத்தெருவில் வந்து குந்தியிருந்தது. ஊர்க்கோடியிலிருந்த இல்லம்வரை போகாவிட்டாலும், அந்த வழியாக எல்பியோ நாள்தோறும் நடப்பவர்தான். ஆனால் மூடிய ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இரண்டு இரண்டு பேராகத் தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடப்பது ஒருநாளும் பழகவில்லை.

இல்லத்தின் முன்கதவில் பூட்டு தொங்கியது. ஆட்டுத் தலை அளவு பூட்டு. வெளிப்பக்கம்.

"அபாண்டம் நல்லா எண்ணெய் போட்டுப் பளபளன்னு இருக்கு," என்றான் எபெர்.

பக்கச் சுவரில் ஒரு ஜன்னலிலிருந்து "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் வந்தது. கம்பிக்குப் பின்னால் ஒரு கிழவர். தொண்ணூறு வயது இருக்கும். ஆனால் மீசை நாற்பது வயதுபோல முறுக்கியிருந்தது. கையில் சீட்டுக்கட்டு.

"தம்பிகளா, ஒரு ஆட்டம்?" என்று காற்றிலும் மெல்லிய குரலில் கேட்டார். "பேரு கந்தித்தோ. குதிரை பழக்கினவன். உள்ள ஆட ஆள் இல்ல. எல்லாம் தூங்குது."

எல்பியோ ஜன்னல் திண்டில் கையை ஊன்றினார். கம்பி வழியாகச் சீட்டு வந்தது. ட்ரூக்கோ ஆட்டம். அந்த நாட்டில் அதைச் சும்மா ஆடமாட்டார்கள். மேசை உடைகிற மாதிரி சீட்டை அறைந்து, பந்தயத்தை ஏற்றும்போது 'ட்ரூக்கோ' என்று தெருமுனைவரை கேட்கிற மாதிரி கத்தி, எதிராளியின் பாட்டனாரை விசாரித்து ஆடுவார்கள். கந்தித்தோ சீட்டைப் பூப்போல வைத்தார். பிறகு எல்பியோவின் காதுக்கருகே வந்து கிசுகிசுத்தார்:

"ட்ரூக்கோ."

எபெருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தாத்தா, இது ஆட்டமா, பாவமன்னிப்பா?"

"சும்மா இருடா. பக்கத்துக் கட்டில்ல ஃப்ளோரோ தூங்குறான். நெஞ்சுவலிக்காரன். எழுப்பக்கூடாது."

"ஊழியர் யாரும் இல்லையா?" என்றார் எல்பியோ.

"நாலு மணிக்கு வருவாங்க. போன வாரம் எல்விரா அம்மா கழிப்பறையில விழுந்துட்டாங்க. நாங்க எல்லாரும் கரண்டியை எடுத்துக் கம்பியில தட்டினோம். கை ஓயிற வரைக்கும் தட்டினோம். ஊர்ல ஒரு ஜன்னல்கூடத் திறக்கல." கிழவர் அடுத்த சீட்டை வைத்தார். "அவங்க மேல தப்பில்ல. தூங்குற நேரம்தானே. உன் முறை, போடு."

எபெரின் சிரிப்பு நின்றுவிட்டது. தெர்மாஸை அவன் முதல் தடவையாகத் தரையில் வைத்தான்.

"எப்பவுமே இப்படி ரகசியமாத்தான் ஆடுவீங்களா?" என்று எல்பியோ கேட்டார். ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்ட கேள்விதான்.

"நானா? நான் கத்துனா ஆத்துக்கு அந்தப் பக்கம் அர்ஜெண்டினாவுல மாடு மிரளும். போன மாசம் ஃப்ளோரோ ஆஸ்பத்திரியில கிடந்தான். அந்த வாரம் பூரா கத்தித் தீர்த்தேன். அவன் வந்துட்டான், மறுபடி கிசுகிசு."

எல்பியோவின் கையிலிருந்த சீட்டு அந்தரத்தில் நின்றது.

"எபெர்," என்றார். "கறுப்பாக்குறது எதுக்கு?"

"கண்ணு கூசுறவன் பண்ணுவான்."

"கண்ணு கூசினா தினமும் கூசும். ருபெர்த்தோ ஏலத்துக்குப் போன வாரம் மட்டும் கூசாதா?"

எபெர் தெர்மாஸை எடுத்து மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "தலைவரே... வேணாம். நீங்க நினைக்கிறது வேணாம்."

"உன் முறை, தம்பி," என்றார் கந்தித்தோ கிசுகிசுப்பாக. "போயிடாதே. இன்னும் ஒரு கை."

எல்பியோ இன்னும் ஒரு கை ஆடினார். வேண்டுமென்றே தோற்றார். கிழவர் சத்தமே வராமல் தொடையைத் தட்டிக்கொண்டு, வாயை ஆவென்று திறந்து, வெற்றிக் கூச்சல் ஒன்றை மௌனமாகப் போட்டார்.

*

நாலு மணிக்கு ஊர் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ருபெர்த்தோவின் வீட்டில் ஜன்னல் கதவுகள் தேக்கில் செய்தவை, இரட்டை அடுக்கு. அறைக்குள் இருட்டு அவ்வளவு கனம். திறந்தபோது அது தொப்பென்று முற்றத்தில் விழுந்த மாதிரி இருந்தது.

கன்னத்தில் தலையணைத் தையலின் தடத்தோடு ருபெர்த்தோ வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி நெலிதா சீமைமாதுளைப் பழப் பாகு வைத்த பிஸ்கோச்சோ ரொட்டிகளைத் தட்டில் கொண்டுவந்தார். மெலிந்த பெண்மணி, சாம்பல் நிற ஸ்வெட்டர், நடக்கும்போது பாதம் தரையில் படுகிறதா என்றே தெரியாது. அப்படி நடக்க எத்தனை வருஷப் பயிற்சி வேண்டும் என்று எல்பியோ யோசித்தார்.

"நல்ல தூக்கமா?" என்றார்.

"எங்க! எனக்குப் பூனைத் தூக்கம். ஒரு தீக்குச்சி கிழிச்சா முழிச்சிடுவேன். கட்டில் கிரீச்சுனா முழிச்சிடுவேன். நெலிதாவுக்குத் தெரியும்ல. ஒண்ணு அடிச்சா வந்து படுக்கணும், நாலு வரைக்கும் அசையக்கூடாது. முப்பது வருஷமா ஒரு தடவைகூட என்னை எழுப்பினதில்ல, தெரியுமா?" இதை அவர் ஒரு காதல் கதைபோலச் சொன்னார். "சரி. ஆளைக் கண்டுபிடிச்சீங்களா?"

நெலிதாவின் கையிலிருந்த தட்டில் ரொட்டி ஒன்று லேசாக உருண்டது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் அசையவில்லை.

எபெர் கூரையைப் பார்த்தான். எல்பியோ மாத்தேயை நிதானமாக உறிஞ்சி முடித்தார்.

"ஒண்ணு நிச்சயம்," என்றார். "உங்க ஊழியர்கள்ல யாரும் இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"மத்தியானத்துல உங்க ஊழியர்கள் அவங்கவங்க வீட்டுல தூங்குறாங்க. கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாங்க. இப்பத்தான் உங்க பூட்டைப் பாத்துட்டு வரோம்."

ருபெர்த்தோவின் முகம் பிஸ்கோச்சோவின் நடுவிலிருந்த சிவந்த பழப்பாகு நிறத்துக்கு வந்தது. "உங்களை நான் வேலைக்கு வெச்சது பூட்டைப் பாக்கவா?"

"எல்விரா அம்மா விழுந்தப்ப கரண்டியால தட்டினாங்களாம். உங்களுக்குக் கேக்கல. தீக்குச்சி கிழிச்சா கேக்கும்னீங்க."

"வெளிய போங்க!"

"தலைவரே," என்று எபெர் எழுந்தான், "ஊர்லேயே பெரிய சத்தம் இப்பத்தான் கேட்டுச்சு. யாராவது முழிச்சிருப்பாங்க."

ருபெர்த்தோ மருமகனுக்குப் போன் போட உள்ளே பாய்ந்தார். நெலிதா அவர்களோடு வாசல் கேட்வரை வந்தார். யாரும் வரச் சொல்லவில்லை.

கேட்டின் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "கண்டுபிடிச்சுட்டீங்க இல்ல?"

"யாரை?" என்றார் எல்பியோ.

நெலிதா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நேர்ல சொன்னேன். ரெண்டு தடவை. 'தூங்கு'ன்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். நான் சொன்னா அவருக்கு ஏறாது. ஊர்ல யாரோ சொன்னா வெக்கப்பட்டாவது கேப்பாரோன்னு... போன்ல எழுதலாம்னா அந்த இருட்டுல வெள்ளைப் பக்கம் நிலா மாதிரி எரியுது. எழுந்து வேற ரூமுக்குப் போலாம்னா கட்டில் கிரீச்சுங்குது. சுல்மா சொன்னது எனக்கு நல்லா தெரியும். ஆனா வேற வழி?"

பக்கத்தில் ஒருவர் மூச்சுவிடுவது கேட்கிற தூரத்தில் படுத்துக்கொண்டு, முகம் தெரியாத ஒரு பெட்டிக்குள் பேசிக்கொண்டிருந்த பெண். தன்னுடைய கட்டில்தான் ஊரிலேயே காலியான கட்டில் என்று எல்பியோ இத்தனை நாளாக நினைத்திருந்தார்.

"அந்த எக்ஸ்டென்ஷனைத் தூக்கிடுங்க," என்றார். "பக்கத்தைக் கறுப்பாக்காதீங்க. போனோட சொந்த வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்குங்க. மேல ஒரு கறுப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக்கோங்க. இல்லாட்டி கறுப்பு வெயில் கண்ணாடியோட ஒரு வில்லையை மேல வெச்சுக்கோங்க. வெளிய எவ்வளவு இருட்டாக்கினாலும் உள்ளே இருக்குற கண்ணுக்குத் தெரியாது. உள்ளே மட்டும் எதையும் தொடாதீங்க."

"போர்வைக்குள்ள பண்ணினா?" என்றான் எபெர் உதவியாக.

"இந்த வெயில்லயா? வெந்துபோயிடுவேன்பா," என்றார் நெலிதா. அவர் சிரித்தது அப்போதுதான். சிரித்த கையோடு திரும்பி வீட்டைப் பார்த்துக்கொண்டார். "ஆனா ஊழியர் யாரும் இல்லைன்னு ஆயிடுச்சு, இனிமே எழுதினா நான்தான்னு சந்தேகப்படுவாரே. பூட்டைப் பத்தி எழுதுற ஆள் நான் ஒருத்திதான்."

"ஆமா," என்றார் எல்பியோ. "அது ஒண்ணுதான் பிரச்சினை."

*

அன்று மாலை சுல்மாவின் வகுப்புக்கு உட்கார இடமில்லை. எபெர் எல்லாப் பஸ்களிலும் ஏறி இறங்கிப் பூட்டையும் கரண்டியையும் பற்றிச் சொல்லியிருந்தான். அவன் சொன்னதில் பூட்டு மாட்டுத் தலை அளவுக்கு வளர்ந்திருந்தது. கரண்டிச் சத்தத்தைத் தாங்கள் தூங்கிக் கழித்துவிட்டோம் என்பதை ஊர் மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டது. யாரும் டார்க் மோட் பற்றிக் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சான் எலாதியோவின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக யாரும் சரியாகத் தூங்கவில்லை. மூடிய ஜன்னல்களுக்குப் பின்னால் ஊரே எழுதியது. ருபெர்த்தோவின் பெட்டிக்கு மட்டுமல்ல, இல்லங்களைக் கண்காணிக்கிற தலைநகரத்து அலுவலகத்துக்கும். ஒரே பூட்டு, ஒரே கரண்டி, ஒரே அளவு ஜன்னல், ஒரே வெள்ளை. எல்பியோவும் எழுதினார். அந்த மந்தையில் எது எல்பியோ என்று எல்பியோவாலேயே கண்டுபிடிக்க முடியாது. ஒரு கூட்டத்துக்குள் நின்று வெகு காலம் ஆகிவிட்டது என்று அப்போது அவருக்குத் தோன்றியது.

மருமகன் மோந்தேவீதேயோவிலிருந்து போன் செய்து அழாத குறையாகச் சொன்னானாம்: "மாமா, எல்லாம் வெள்ளை ஆடு. நான் எதைன்னு பிடிக்கிறது?"

அடுத்த வாரம் தலைநகரத்து இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். ஊர்ப் பழக்கம் தெரியாத மனிதர். மூன்று மணிக்கே வந்துவிட்டார். பூட்டு அங்கேயே தொங்கியது. கம்பிக்குப் பின்னாலிருந்து கந்தித்தோ, ஃப்ளோரோவை ஒரு கணம் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாடு மிரளுகிற ஒரு கத்தல் போட்டார்.

அன்று முதல் மத்தியானத்திலும் இரண்டு பணிப்பெண்கள் அங்கே இருக்கிறார்கள். பூட்டை இன்ஸ்பெக்டர் எடுத்துப் போய்விட்டார்.

எபெர் இதையெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டு, சாப்பிட வீட்டுக்குக் கிளம்பினான். போகும்போது மணி ஒன்று. ஊர் மறுபடி படுத்துக்கொண்டது. எல்பியோ தனியாகக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். துப்பறியும் ஆபீஸுக்கும் ஒரு பக்கம் உண்டு. எபெர் செய்தது, எழுத்துப்பிழைகளோடு. அதில் ஒரு செய்தி வந்திருந்தது. பெயர் இல்லை. எல்லோருக்கும் இருக்கிற அதே அளவு ஜன்னல், அதே வெள்ளை.

"வேறு அறைக்கு மாறிக்கொண்டேன். இப்போது ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டே எழுதுகிறேன். மத்தியானத்தில் இவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று தெரியாது. என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்."

பதில் எழுத முகவரி இல்லை. நெலிதாவாகத்தான் இருக்கும் என்று சொல்வதற்கு ஒரு தடயமும் இல்லை. அப்படித்தான் இருக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

எல்பியோ கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனார். கட்டிலின் ஒரு ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். ஏரோப்ளேன் இறக்குகிற வெளிச்சம் சுவரெல்லாம் அடித்தது. மற்ற ஓரத்துத் தலையணையின் மேலும் அடித்தது. சற்று நேரம் அந்தத் தலையணையைப் பார்த்தார். பிறகு திரையின் வெளிச்சத்தைக் குறைத்தார். ஒரு படி. இன்னும் ஒரு படி. கடைசிப் படிவரைக்கும்.

யாரும் விழித்துவிடப் போவதில்லை. இருந்தாலும், விரலைச் சத்தம் வராமல் வைத்து, அந்தச் செய்தியை இன்னொரு தடவை படித்தார்.